பதினோரு நாள் பழைய பேப்பர்

எங்கள் வீட்டில் உலகம் பதினோரு நாள் தாமதமாகத்தான் விடியும். கேட்டால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், இந்தக் கட்டடத்தில் சிரிக்காதவர் யாரும் இல்லை.

விஷயம் இதுதான். எங்களுக்கு நேர் மேலே, நான்காம் மாடியில், கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. தனி ஆள். முழங்காலில் வலி. தினமும் காசு கொடுத்துப் பேப்பர் வாங்குவார். அதன் கடைசிப் பக்கத்தில் எண் புதிர் ஒன்று வரும். விடையைப் பத்து நாள் கழித்துத்தான் போடுவார்கள். தன் விடை சரிதானா என்று பார்க்கும்வரை டீச்சர் அந்தப் பேப்பரை யாருக்கும் கொடுக்க மாட்டார். பதினோராம் நாள் காலை நடக்கப் போகும்போது நாலாக மடித்து, துணிப்பையில் போட்டு, எங்கள் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போவார். அதற்குப் பதிலாகச் சாயங்காலம் நான் மாடி ஏறி ஒரு பிடி கீரையோ நாலு தக்காளியோ கொடுத்துவிட்டு வருவேன். வாசலில் நின்றபடி இரண்டு வார்த்தை பேசுவோம், அவ்வளவுதான். ஏழு வருடமாக இது நடக்கிறது.

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டயர் பார்க்கிறவர். காலை ஷிஃப்ட். மூன்று மணிக்கு வந்து, குளித்து, மூன்றரைக்கு ஜன்னலோர நாற்காலியில் உட்காருவார். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள், இரண்டு மணிக்கே வந்துவிடுவேன். டீயில் இரண்டு புதினா இலையைக் கிள்ளிப் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்காருவேன். அவர் சத்தமாகப் படிப்பார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, வாடகைக்கு வீடு, காணாமல்போன நாய், எதையும் விடமாட்டார். ஒரு நாளைக்கு ஒரு பேப்பர்தான்.

அதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. பேப்பரில் வரப்போவதை யாரும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. கால்பந்து ஆட்டமோ, தேர்தலோ, ஞாயிற்றுக்கிழமைத் தொடர்கதையோ, எதுவானாலும் சரி. எதிர்ப்பட்டவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிடுவார். டிப்போவிலேயே அவரைப் பார்த்ததும் பேச்சை மாற்றுவார்களாம். ஒரு தடவை மருமகன் போனில் வாய்தவறி யார் ஜெயித்தார்கள் என்று சொல்லிவிட்டார். மாமனார் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மகள் என்னிடம் அழுதாள். "உங்கப்பாவை எனக்கு முப்பது வருஷமாத் தெரியும்டி, மூணாவது நாள் தானா சரியாயிடுவாரு" என்று சமாதானம் சொன்னேன்.

டிவி கிடையாதா என்று கேட்பீர்கள். இருந்தது. ஒரு நாள் பொசுக்கென்று அணைந்தது. சரிபண்ணலாம் என்று ஒரு வாரம் தள்ளினோம், அப்புறம் ஒரு மாதம் தள்ளினோம், கடைசியில் அது இல்லையே என்ற நினைப்பே போய்விட்டது. டிவி இருந்த அலமாரியில் இப்போது தட்டு, தம்ளர் அடுக்கியிருக்கிறேன். குளிக்கிற தண்ணீரைக் கறுப்பு வாளியில் பிடித்து வெயிலில் வைத்துவிடுவேன், மூன்று மணிக்குக் கைபொறுக்கும் சூடாகிவிடும். படுக்கை விரிப்பு கிழிந்தால் தலையணை உறை, உறை கிழிந்தால் கைப்பிடித் துணி. ஒரு முட்டையில் இரண்டு பேருக்கு ஆம்லெட் போடுவேன். மீதி எல்லாம் கீரையும் வெங்காயமும்தான், ஆனால் தட்டு நிறைய இருக்கும். கஞ்சப்பிசினாறி என்று என் நாத்தனார் ஜாடை பேசுவாள். பேசிவிட்டு, அந்த ஆம்லெட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள்.

எனக்குச் சுரீரென்று கோபம் வரும். மறைப்பானேன். மாடிக்காரர்கள் எனக்குப் 'பட்டாசு' என்று பேர் வைத்திருப்பது எனக்கே தெரியும். என் வீட்டுக்காரரை 'நிதானம்' என்பார்கள். பட்டாசுக்கும் நிதானத்துக்கும் எப்படித்தான் ஒத்துப்போகிறதோ என்று காவலாளி ஒரு நாள் கேட்டே விட்டார். எப்படி என்றால், செடிகளால்தான்.

பெயிண்ட் வாளிகள் பதினான்கு. எல்லாம் தூக்கிப் போட்ட வாளிகள், கட்டட வேலை நடக்கும் இடங்களில் கேட்டு வாங்கியவை. அடியில் ஆணியைச் சுடவைத்து ஓட்டை போட்டது அவர், மண் சுமந்தது நான். மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் எங்கள் கதவுக்கு இரண்டு பக்கமும் வரிசையாக வைத்திருந்தேன். கீரை, புதினா, தக்காளி, மிளகாய், ஒரு எலுமிச்சை. பள்ளிக்கூடச் சமையலறையில் யாராவது என்னைச் சுள்ளென்று ஒரு வார்த்தை சொன்னால், பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து வாளிகளுக்கு நடுவே குந்திக்கொள்வேன். பழுத்த இலையைக் கிள்ளுவேன், புழுவைத் தேடுவேன். கால் மணி நேரத்தில் எதற்குக் கோபப்பட்டேன் என்பதே மறந்துவிடும். அந்தக் கால் மணி நேரம் இல்லாவிட்டால் நான் எத்தனை பேரோடு சண்டை போட்டிருப்பேன், எத்தனை வேலையை விட்டிருப்பேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. கட்டட மேனேஜர் ஒரு காகிதத்தை ஒட்டினார். தீ விபத்து வந்தால் ஓடுவதற்கு வழி வேண்டும், அதனால் தாழ்வாரத்தில் ஒரு பொருளும் இருக்கக் கூடாது, அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் எடுக்காவிட்டால் ஆள் வைத்து அப்புறப்படுத்துவோம் என்று எழுதியிருந்தது. நேரே அவர் அறைக்குப் போய்க் கத்தினேன். அவர் பாவம், என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"அம்மா, நீங்க சொல்றது எல்லாம் நியாயந்தான். நாளைக்கு ஒரு தீ கீ பத்திக்கிட்டா, உங்க வாளி தடுக்கி ஒருத்தர் விழுந்தா, யாரு பதில் சொல்றது?"

தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். பதில் இல்லாத கோபம் இருக்கிறதே, அதைவிடக் கொடுமை வேறெதுவும் இல்லை. வீட்டுக்குள் வைக்கலாம் என்றால் எங்களுடையது ஒன்றரை அறை வீடு. வெயில் வருவது ஒரே ஒரு ஜன்னலில். பதினான்கு வாளியில் நாலைந்து தேறலாம், மற்றதெல்லாம் வெளுத்துச் சாகும். ராத்திரி சோறு இறங்கவில்லை எனக்கு.

"பார்த்துக்கலாம் விடு" என்றார் அவர்.

"எதைப் பார்ப்பீங்க? சாகறதையா?"

"இன்னும் இருபது நாளைக்கு மேல இருக்குல்ல. ஏதாவது வழி வரும்."

வழி வந்தது, நிஜமாகவே வந்தது. கதவைத் தட்டிக்கொண்டு வந்தது. அதைத் துரத்தியது நான்.

அன்று இருபதாம் தேதி. முந்தின நாள்தான் கால்பந்து இறுதி ஆட்டம் நடந்து முடிந்திருந்தது. என் வீட்டுக்காரர் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், ஒரு குற்றவாளி மாதிரி வீடு வந்து சேர்ந்திருந்தார். முகத்தைப் பார்த்தாலே யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துவிடுமாம். அப்போதுதான் டீச்சர் மூச்சு வாங்க வாசலில் நின்றார். கையில் அன்றைய பேப்பர்.

"ஏம்மா, இன்னைக்குப் பேப்பர்ல ஒண்ணு..."

"டீச்சர்! வாயைத் திறக்காதீங்க! அவரு உள்ளதான் இருக்காரு!"

உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. குரல் என்றால் அப்படி ஒரு குரல், டயரிலிருந்து காற்று போகிற மாதிரி.

"இது மேட்ச் இல்லம்மா. நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"எதுவா இருந்தாலும் பதினோரு நாள் கழிச்சுத் தெரிஞ்சுக்கறோம் டீச்சர். இந்த மனுஷன் இன்னைக்குச் சோறு திங்கணும் எனக்கு!"

சிரித்துக்கொண்டே அவர் கையில் இரண்டு தக்காளியைத் திணித்துக் கதவைச் சாத்திவிட்டேன். அவரும் சிரித்தார் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி காலை அந்தப் பேப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தது. இறுதி ஆட்டத்தை அவர் இரண்டு தடவை படித்தார், எழுந்து நின்று ஒரு கோலை நடித்தும் காட்டினார். அவருக்குப் பிடித்த அணிதான் ஜெயித்திருந்தது. ஊரெல்லாம் கொண்டாடி ஓய்ந்த பிறகு எங்கள் வீட்டில் மட்டும் கொண்டாட்டம். ஆம்லெட்டுக்கு அன்று இரண்டு முட்டை உடைத்தேன். அப்புறம் அவர் உட்கார்ந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"நகராட்சி அறிவிப்பு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள காலி நிலம் நாற்பது பாத்திகளாகப் பிரிக்கப்பட்டு, அடுக்குமாடிக் குடியிருப்பாளர்கள் காய்கறி பயிரிட..."

என் கை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டது.

"படிங்க. படிங்க!"

"விண்ணப்பங்கள் இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி மாலை வரை..." அவர் குரல் இறங்கிவிட்டது. பேப்பரை மடியில் வைத்தார்.

மூன்று நாள். மூன்றே நாள் முன்னால் போய்விட்டது. தண்ணீர்த் தொட்டி எங்கள் கட்டடத்திலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். டீச்சர் அன்று எதைச் சொல்ல வந்தார் என்பதும் அந்த நொடியில் புரிந்தது. புரிந்ததும் யார் மேல் கோபம் வர வேண்டும்? என் மேல் வர வேண்டும். ஆனால் என் கோபம் என்றைக்கு என் மேல் வந்திருக்கிறது?

"உங்க மேட்சால வந்தது! உங்க பாட்டால வந்தது! உலகத்துல எல்லாரும் மனுஷங்க மாதிரி அன்னன்னைக்குப் பேப்பர் படிக்கிறாங்க. நமக்கு மட்டும் என்ன கேடு?"

அவர் எழுந்து போய்த் தன் தட்டைக் கழுவி வைத்தார். திருப்பிச் சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் மூன்றரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தார், பேப்பரைப் பிரித்தார், மனதுக்குள்ளேயே படித்தார். டீ ஆறிப்போனது. வீட்டில் சத்தமே இல்லை. முப்பது வருடத்தில் அந்த வீடு அப்படி இருந்து நான் பார்த்ததில்லை, பயமாக இருந்தது.

அதற்கு அடுத்த நாளே நகராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். முடிந்தது முடிந்ததுதான் என்றார்கள். நாற்பது பாத்திக்கு இருநூறு விண்ணப்பமாம், குலுக்கல் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்களாம்.

நாலாம் தேதி காவலாளி என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"அக்கா, உங்களுக்கு விஷயம் தெரியுமா? நாலாம் மாடி டீச்சருக்குப் பாத்தி கெடைச்சிருக்கு. நேத்துப் பேப்பர்ல பட்டியல் வந்திருக்காம். நம்ம கட்டடத்துல அவங்க ஒருத்தங்களுக்குத்தானாம்."

ஒரு மல்லிச்செடி வளர்க்காத கை! தொட்டியில் தண்ணீர் ஊற்றத் தெரியாத கை! லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடியும் எப்படி ஏறினேன் என்றே தெரியாது. டீச்சர் அப்போதுதான் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு டீச்சர், ரொம்ப நல்லா இருக்கு! நான் ஒரு தடவை கதவைச் சாத்தினேன், சரி. மறுநாள் நான் கீரையோட வந்தப்பவாவது சொல்லக் கூடாதா? ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிப் பையில போடக் கூடாதா? என் செடி சாகப்போகுதுன்னு தெரிஞ்சும் கமுக்கமா இருந்து நீங்க ஒரு இடத்தைப் பிடிச்சுக்கிட்டீங்களே! இத்தனை வருஷம் என் கையால கீரை வாங்கிச் சாப்பிட்டதுக்கு நல்ல மரியாதை!"

இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. எல்லாரும் கேட்டார்கள். நான் நிறுத்தவில்லை. திருட்டுத்தனம் என்றும் சொன்னேன். அந்த வார்த்தையை நான் சொன்னேன்.

டீச்சரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. என்னை எப்போதும் 'வாம்மா, போம்மா' என்று பேசுகிறவர், ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"பேப்பர்ல வந்ததை உங்களுக்குச் சொல்லக் கூடாதுங்கறதுதானே உங்க வீட்டுச் சட்டம்? பட்டியலும் பேப்பர்லதான் வந்திருக்கு. பதினோரு நாள் கழிச்சு நீங்களே படிச்சுக்குங்க."

ஒவ்வொரு படியாகத் திரும்பி ஏறிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் கீரை கொண்டுபோகவில்லை. ஆனால் பேப்பர் மட்டும் தவறாமல் கதவுப் பிடியில் தொங்கியது. எடுத்து உள்ளே வைக்கவே எனக்கு எரிச்சலாக இருக்கும். "டீக்கடையில போய் அந்தப் பட்டியலைப் பார்த்துட்டு வரட்டுமா? என்னவோ இருக்கு இவளே, அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல" என்றார் அவர். அந்தப் பட்டியலை என் கண்ணால் பார்க்க மாட்டேன், பார்த்தவர்கள் சொன்னாலும் கேட்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பாருங்கள், அவருடைய சட்டத்தை இப்போது நான் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் தேதி இரண்டு பேருமாக வாளிகளை உள்ளே இழுத்தோம். அவர் கட்டிலைச் சுவரோரம் தள்ளினார், நாற்காலியை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனார், ஜன்னலடியில் பலகை கட்டி மூன்று தட்டு வைத்தார். பதினான்கையும் உள்ளே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நடக்க இடமில்லை. படுக்கையறைக்குப் போக வேண்டும் என்றால் மிளகாய்ச் செடியிடம் வழி கேட்க வேண்டும். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"சத்தமாப் படிங்க இன்னைக்கு" என்றேன்.

"நாய் காணோம்னு விளம்பரம் வந்திருக்கு."

"அதையே படிங்க."

அடுப்பங்கரையில் உட்கார்ந்து படித்தார். வீடு மறுபடி வீடாயிற்று. என்றாலும் இரண்டு நாளிலேயே பின்வரிசை வாளிகளில் இலை மஞ்சளிக்க ஆரம்பித்தது. முறை வைத்து வாளிகளை மாற்றி மாற்றி வெயிலில் வைத்தோம். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று வாடியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்கவில்லை.

பதினான்காம் தேதி மூன்றே முக்காலுக்கு, மூன்றாம் தேதிப் பேப்பரை அவர் பிரித்தார். நடுப்பக்கத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"பட்டியல் வந்திருக்கு."

"அந்தப் பக்கத்தைத் தாண்டுங்க."

"ஒரு பக்கம்கூடத் தாண்டறது இல்லைன்னு உனக்கே தெரியும்." படிக்க ஆரம்பித்துவிட்டார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். அதில் யார் பேரும் இல்லை, எல்லாம் கட்டட எண்ணும் கதவு எண்ணும்தான். ஒவ்வொரு பாத்தியாக வந்தார். "பாத்தி எண் பதினேழு. நம்ம கட்டடம், கதவு எண் நாற்பத்தொன்று." அது டீச்சருடையது. தேய்ப்பதை வேகமாக்கினேன். "உடன் பயிரிடுபவர்... கதவு எண் முப்பத்தொன்று."

தண்ணீர் திறந்தபடியே கிடந்தது.

"முப்பத்தொண்ணு யாருங்க?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், சத்தியமாக.

"நாமதான், இவளே."

நான் ஓடிவந்து பேப்பரைப் பிடுங்கினேன். இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. யார் மேலும் கோபம் வரவில்லை. அத்தனை வருடம் யார் யார் மேலேயோ கொட்டிய கோபமெல்லாம் திரும்பி வந்து என் தலையில் விழுந்த மாதிரி இருந்தது. படியில் நின்று நான் கத்தியது, இரண்டு கதவு திறந்தது, டீச்சர் ஒவ்வொரு படியாக ஏறிப்போனது எல்லாம் கண்முன் வந்தது.

"இன்னும் இருக்கு, இரு" என்று அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தார். "தேர்வானவர்கள் இருவரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். கடைசி நாள்... பதினான்காம் தேதி மாலை ஐந்து மணி. தவறினால் பாத்தி அடுத்தவருக்கு..."

"இன்னைக்குத் தேதி என்ன?"

எங்கள் வீட்டில் இது சாதாரணக் கேள்வி இல்லை. அவர் விரலை மடக்கினார். மூன்றும் பதினொன்றும். நாங்கள் இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். மணி நாலு.

கை கழுவினேனா, கதவைப் பூட்டினேனா, ஒன்றும் நினைவில்லை. மாடி ஏறும்போது என்ன சொல்வது என்று யோசித்தேன், ஒரு வார்த்தை அகப்படவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் இது. தட்டக் கையை ஓங்கினேன். கதவு சாத்தியிருக்கவில்லை, தொட்டதும் திறந்துகொண்டது.

டீச்சர் வாசலுக்கு நேரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியே போகிற நல்ல உடுப்பு. தலை வாரியிருந்தது. காலில் செருப்பு மாட்டியிருந்தார், மடியில் கைப்பை.

"டீச்சர்..." என்றேன்.

"மணி என்ன?" என்று கேட்டார்.

"நாலாகி அஞ்சு நிமிஷம்."

"அப்ப பஸ்ஸைப் பிடிச்சிடலாம்" என்று எழுந்தார். எழும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது, நான் கையைக் கொடுத்தேன். ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரமா இப்படி உட்கார்ந்திருக்கீங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இன்னைக்குச் சாப்பிட்டதுலேர்ந்து. நேத்தும் முந்தாநாளும்கூட உட்கார்ந்திருந்தேன். யாராவது முன்னாடியே சொல்லி, நீங்க வந்துட்டா?" என்றார் டீச்சர். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "நாலரை வரைக்கும் பார்த்துட்டு நானே இறங்கி வந்து கூப்பிடணும்னுதான் இருந்தேன். பாத்தியை விட்டுடுவேனா என்ன? ஆனா அது வரைக்கும் நீங்களா வரணும்னு ஒரு வீம்பு."

பஸ் டிரைவர் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர். நாலே முக்காலுக்கு அலுவலக வாசலிலேயே இறக்கிவிட்டார். குமாஸ்தா மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"பத்து நாளா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க? பேப்பர் பார்க்கறதில்லையா?"

"பார்க்கறோம் சார், அதான் பிரச்சினை" என்றார் என் வீட்டுக்காரர். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது. முதலில் டீச்சர் கையெழுத்துப் போட்டார், அடியில் நான் போட்டேன். அவசரத்தில் என் எழுத்து கோணலாகப் போனது. சாவி ஒன்று கொடுத்தார்கள்.

வழியில் இறங்கிப் பாத்தியையும் பார்த்தோம். பத்தடிக்குப் பதினைந்தடி. மண் கறுப்பாக இருந்தது. நாள் முழுக்க வெயில் விழுகிற இடம். நான் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பிசைந்து பார்த்தேன், பிறகு என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன், அவரும் பிசைந்து பார்த்தார். டீச்சர் வேலியோரம் நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கட்டடத்துக்கு வந்தபோது லிஃப்ட் மறுபடி மக்கர். டீ போட்டு வைக்கிறேன் என்று அவர் முன்னால் ஏறிப் போனார். நானும் டீச்சரும் மெதுவாக ஏறினோம். இரண்டாம் மாடியில் அவர் மூச்சு வாங்க நின்றபோது சொன்னேன்.

"டீச்சர், அன்னைக்கு நான் பேசினது தப்பு. ரொம்பத் தப்பு. அந்த வார்த்தையெல்லாம் நான் சொல்லியிருக்கவே கூடாது."

"ம்."

"அவ்வளவு பேச்சு பேசினேனே, அதுக்கப்புறமாவது போய் எங்க எண்ணை அடிச்சுட்டு வேற யாரையாவது சேர்த்திருக்கலாமே?"

"யாரைச் சேர்க்கறது?" என்றார். கைப்பிடியில் சாய்ந்துகொண்டார். "எனக்குச் செடி வளர்க்கத் தெரியாதும்மா. இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. கீரைன்னா எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

"என்னது! ஏழு வருஷமா வாங்கிக்கறீங்களே?"

"வாங்கிப்பேன். முக்கால்வாசி நாள் எதிர்வீட்டுக்குக் கொடுத்துடுவேன்." கைப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "என் வீட்டுக் கதவை ஒரு நாளைக்கு ஒரு தடவை தட்டறது நீ ஒருத்திதான். செடி போயிடுச்சுன்னா நீ எதை எடுத்துக்கிட்டு மேல வருவே? அந்தப் பயத்துலதான் விண்ணப்பம் போட்டேன். கெடைக்குமான்னு தெரியாம முன்னாடியே சொல்லி ஆசை காட்ட வேண்டாம்னு வாயை மூடிக்கிட்டேன்."

பத்து நாள். பத்துச் சாயங்காலம் நான் மேலே போகவில்லை. ஒரு பிடி கீரையை நிறுத்தித் தண்டனை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரையே வாயால் விரட்டுகிறவள் இரண்டாம் மாடிப் படியில் நின்று மூக்கைச் சிந்தினேன்.

"வெறுங்கையோட வந்தா கதவைத் திறக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"திறப்பேன். நீதான் வந்ததில்லையே."

மூன்றாம் மாடியில் எங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது, உள்ளே அவர் பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. "டீயை மேல எடுத்துட்டு வாங்க!" என்று குரல் கொடுத்துவிட்டு, டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். இத்தனை வருடத்தில் அந்த வாசலைத் தாண்டி நான் உள்ளே போனதே இல்லை. அவர் விளக்கைப் போட்டார். கையில் ஒன்றும் இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன்.